கூடிக் குறையும் காது இரைச்சல்: எதில் காசைப் போடுவது?

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். வயது 27. பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளுக்கு உறுமி மேளம் அடிக்கிறவன். வைத்த டீயைத் தொடாமல் கைப்பேசியைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

"மாமா, காதுல ங்ஙீன்னு ஒரு சத்தம். மேளப் பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து மூணு வாரமா நிக்கல. நேத்து கொஞ்சம் கொறஞ்சுது, இன்னிக்கு மறுபடி ஏறிருச்சு. இதுல எதை வாங்கலாம், சொல்லுங்க."

திரையில் நான்கு பக்கங்கள் திறந்திருந்தன. ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, பாதி விலையில் காது கருவி, ஊசி குத்தும் சின்சே (சீன வைத்தியர்) ஒருவர், மழைச் சத்தம் போடும் ஒரு செயலி. அதே மாதம் பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தையும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அவருக்கு வயது 68. டிவியை எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பார்க்கிறவர்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நானும் அந்தக் கட்சிதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 18 வருஷம் கம்பிரசர் அறைப் பராமரிப்பில் இருந்தேன். காதில் இரைச்சல் வந்து 10 வருஷம் ஆகிறது. இடையில் காசை எங்கெங்கே கொட்டக் கூடாதோ அங்கெல்லாம் கொட்டிவிட்டேன். மருமகனுக்கும் அத்தைக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் என்று சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

## ஒப்பிடுவதற்கு முன்னால்

எல்லா இரைச்சலும் 'எதை வாங்கலாம்' என்று உட்கார்ந்து யோசிக்கும் இரைச்சல் இல்லை. ஒரு காதின் கேட்கும் திறன் ஓரிரு நாளில் சட்டென்று விழுந்தால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன். சீக்கிரம் போகப் போக நல்லது. இதயத் துடிப்போடு சேர்ந்து 'டுப் டுப்' என்று கேட்கிற சத்தம், ஒரே பக்கம் மட்டும் விடாமல் நிற்கிற சத்தம், முகம் கோணுவது, தலை சுற்றல் இவற்றையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். காது அடைத்துக்கொண்டு, கேட்பது மங்கி, உலகமே சுற்றி, சில மணி நேரத்தில் தெளிந்து, மறுபடி வருகிறதா? அது மெனியர் நோயாக இருக்கலாம். அங்கே ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் உண்டு, வைத்தியமும் வேறு.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மீதிப் பேச்சு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கேட்டல் சோதனை. சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் ஒரு தடவைக்கு 5 வெள்ளி. காசு குறைவு, காத்திருப்பு அதிகம். தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். தனியாரில் அதே வாரம் முடியும். நிபுணர் கட்டணமும் சோதனையும் சேர்ந்து சில நூறு வெள்ளி. சட்டென்று வந்த மாற்றம் என்றால் காத்திருக்காமல் தனியாருக்குப் போங்கள். வருஷக்கணக்கில் இருப்பதென்றால் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனையின் வரிசையே போதும்.

## ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது

இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு அட்டவணைக்குப் போகாதீர்கள். நான் ஏமாந்தது இங்கேதான்.

உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் சத்தத்தாலோ வயதாலோ பழுதானால் மூளைக்குப் போகும் ஒலி குறைகிறது. மூளை அதை ஈடுகட்டத் தன் பக்கம் கூட்டிவைக்கிறது. வானொலியில் நிலையம் சரியாக விழாதபோது சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுமே, அது மாதிரி. நமக்குக் கேட்பது அந்தக் கரகரப்பு. 1953ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ஆக, சத்தம் பலருக்குள்ளும் இருக்கிறது. மூளை அதை ஆபத்து என்று முத்திரை குத்திவிட்டால்தான் தொல்லை.

கூடுவதற்குத் தெரிந்த காரணங்கள் சில உண்டு: தூக்கம் கெடுவது, கவலை, சளி, காதில் அழுக்கு அடைப்பது, முந்தின நாள் கேட்ட பெரிய சத்தம், அதிக அளவு ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகள். தாடையும் ஒரு காரணம். இப்போதே பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். சத்தம் ஏறினாலோ சுருதி மாறினாலோ உங்கள் இரைச்சலில் தாடைக்கும் கழுத்துக்கும் பங்கு இருக்கிறது. அப்படியென்றால் பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுவது இந்தக் கட்டுரையில் வரும் பல செலவுகளைவிட உருப்படியானது.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரும்பாலான ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் அகப்படாது. நான் இரண்டு மாதம் நோட்டு வைத்துக் கண்காணித்தேன். கோப்பி ஓ (பால் விடாத காப்பி) மேல்தான் எனக்குச் சந்தேகம். கோப்பி குடித்த நாளில் இரைச்சல் 7 என்று எழுதிய பக்கங்கள் இருந்தன, குடிக்காத நாளில் 7 எழுதிய பக்கங்களும் அதே அளவுக்கு இருந்தன. கோப்பியை நிறுத்தியதில் கிடைத்தது நான்கு நாள் தலைவலி. தூக்கம் கெட்ட இரவுகளுக்கு மறுநாள் எண் ஏறியது உண்மை. ஆனால் இரைச்சல் ஏறியதால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டதால் இரைச்சல் ஏறியதா? அதை நோட்டு சொல்லவில்லை.

சரி, இதற்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்? நாம் எப்போது கடைக்கு ஓடுகிறோம் என்று யோசியுங்கள். இரைச்சல் 8, 9க்கு ஏறி, இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்த மறுநாள். உச்சியில் இருப்பது எதுவும் செய்யாவிட்டாலும் சில நாளில் 5க்கு இறங்கும், அதன் சுபாவம் அது. ஆனால் அந்தச் சில நாளில் நாம் ஒரு மாத்திரை தின்றிருப்போம், இல்லை ஊசி குத்தியிருப்போம். பெயர் அதற்குப் போய்விடும். அடுத்த தடவை ஏறும்போது 'மருந்து தீர்ந்துபோச்சு' என்று இன்னொரு பாட்டில் வாங்குவோம். நான் இப்படி மூன்று பாட்டில் ஜிங்கோ வாங்கினேன். மூன்றாவது பாட்டிலின் பாதியில், மாத்திரையை ஒழுங்காகத் தின்றுகொண்டிருக்கும்போதே இரைச்சல் 9க்குப் போனது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, ரெண்டு மாத்திரையாப் போட்டுப் பாருங்க" என்றார்.

அதனால் என் முதல் விதி: இரைச்சல் ஏறிய நாளில் எதையும் வாங்காதே.

## எதைக்கொண்டு எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். ஒன்று, இது சத்தத்தைக் குறைப்பதாகச் சொல்கிறதா, சத்தத்தால் வரும் அவதியைக் குறைப்பதாகச் சொல்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. கருவியில் அளந்து பார்த்தால் இரைச்சலின் அளவு பலருக்கும் சின்னதாகத்தான் இருக்கும். அதே அளவோடு ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போவார், இன்னொருவர் வேலையையே விட்டுவிடுவார். இரண்டு, மோசமான நாளில் கைகொடுக்குமா? நல்ல நாளில் எல்லாமே வேலை செய்யும். மூன்று, விலைச்சீட்டில் இல்லாத செலவு. நான்கு, பலன் உண்டா இல்லையா என்று எத்தனை நாளில் தீர்ப்புச் சொல்லலாம்? ஐந்து, பலிக்காவிட்டால் என்ன கேடு?

நான்காவதற்கு ஒரு நோட்டு வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு தடவை, இரண்டு எண்: சத்தம் எவ்வளவு, தொல்லை எவ்வளவு, இரண்டும் 10க்கு. மணிக்கொரு தரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்காதீர்கள். அப்படிக் கேட்பதே அதற்குத் தீனி போடுவது. ஆறு வாரச் சராசரியை ஆறு வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும், நேற்றை இன்றோடு அல்ல. இன்னும் துல்லியமாக வேண்டுமானால், 1996ல் வந்த டின்னிடஸ் (காது இரைச்சல்) பாதிப்புக் கேள்வித்தாள் இருக்கிறது. 25 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண், மலாயிலும் உண்டு. 7 புள்ளியாவது இறங்கினால்தான் மாற்றம் என்று கணக்கு. காது கருவி விற்பவர் உங்களிடம் இதைக் கொடுத்துப் பதில் வாங்காமலேயே விலை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது.

| வழி | எதைக் குறைக்கும் | மோசமான நாளில் | மறைந்த செலவு | தீர்ப்புச் சொல்ல |
|---|---|---|---|---|
| பின்னணிச் சத்தம் | தொல்லையை, கேட்கும்வரை | ஓரளவு உதவும், இரவில் நன்றாக | பக்கத்தில் படுப்பவர் தூக்கம் | 2 வாரம் |
| காது கருவி | கேட்டல் குறைவு இருந்தால் இரண்டையும் | மாட்டியிருக்கும்வரை | பேட்டரி, ஈரம், திரும்பத் திரும்பப் போவது | 2 முதல் 3 மாதம் |
| சி.பி.டி. மனப்பயிற்சி | தொல்லையை மட்டும் | இங்கேதான் இதன் பலம் | நேரம், மொழி, வெட்கம் | 8 முதல் 12 அமர்வு |
| மாத்திரை, துணைப்பொருள் | பெரும்பாலும் எதையும் இல்லை | இல்லை | மற்ற மருந்தோடு மோதல் | 6 வாரத்தில் நிறுத்து |
| சித்தா, சின்சே | சிலருக்கு இறுக்கத்தை | கேட்க ஆள் கிடைக்கும் | விடாத தொடர் வருகை | முன்கூட்டியே எண்ணி வை |

## பின்னணிச் சத்தம்

காசு குறைவான வழி. பலருக்கும் இதுவே போதும். என் படுக்கை அறையில் ஓடுவது ஒரு பழைய மேசை விசிறி. அதன் கம்பி வலையில் ஒரு கிளிப் தளர்ந்து 'கிர்ர்' என்று ஒரு ஓசை போடும். முன்பு அதைச் சரிசெய்யப் போனேன். இப்போது அந்தக் கிளிப்பைத் தொடுகிறவனோடு எனக்குச் சண்டைதான். செயலிகளில் மழை, அலை, அருவி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தா கட்டச் சொல்கிறவற்றில் அதைவிட மேலாக ஒன்றும் நான் காணவில்லை.

இரைச்சலை முழுக்க மூழ்கடிக்கிற அளவுக்கு வைப்பதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. அப்படி வைத்தால் நிறுத்தியதும் இரைச்சல் முன்னைவிடப் பெரிதாகத் தோன்றும். பின்னணிச் சத்தம் இரைச்சலுக்கு ஒரு படி கீழே, இரண்டும் கலந்து கேட்கும்படி இருக்கட்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவு முழுக்கத் தூங்குவது வேண்டாம்; ஒலியை எங்கே வைத்தோம் என்று தெரியாமலே காதுக்கு இன்னும் கெடுதல் செய்துவிடுவோம்.

ஆதாரம் என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒலி தரும் கருவிகளானாலும் காது கருவியானாலும் சும்மா காத்திருப்பதைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதனால் 40 வெள்ளி விசிறிக்கு நான் சரி சொல்வேன். ஆயிரம் வெள்ளிக்குச் 'சிறப்பு ஒலி சிகிச்சைக் கருவி' என்றால் யோசிப்பேன்.

மறைந்த செலவு வீட்டுக்காரியின் தூக்கம். எங்கள் வீட்டில் சமாதானம் வந்தது, விசிறியை என் பக்கத்துச் சுவர் ஓரம் நகர்த்திய பிறகுதான்.

## காது கருவி

அத்தைக்கு நான் சொன்னது இது. சோதனையில் இரண்டு காதிலும் மேல் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வெளிச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் மூளைக்குத் தன் பக்கம் கூட்டிவைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி, கேட்டல் குறைவும் விடாத இரைச்சலும் சேர்ந்திருப்பவர்களுக்குக் கருவி பொருந்துமா என்று பார்க்கச் சொல்கிறது. இரைச்சல் குறையாவிட்டாலும் பேரன் பேசுவது கேட்கும். அந்தக் காசு எப்படியும் வீண் இல்லை.

விலை ஒரு காதுக்கு ஈராயிரம் வெள்ளியை ஒட்டித் தொடங்கி 10,000ஐத் தாண்டியும் போகும். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். சொல்லாதவற்றைக் கேளுங்கள்.

பழுப்பு நிற ஒட்டு போட்ட 312 பேட்டரி ஒரு வாரம் ஓடும். வருஷத்துக்கு ஒரு காதுக்கே ஐம்பது பேட்டரி. சார்ஜ் போடும் கருவி என்றால் உள்ளே இருக்கும் பேட்டரி சில வருஷத்தில் தளரும், அதை மாற்ற என்ன விலை என்று இன்றே கேட்க வேண்டும். அப்புறம் நம் ஊர் ஈரம். வியர்வையும் புழுக்கமும் சேர்ந்து கருவிக்குள் ஏறும். இரவில் மூடிவைக்க ஈரம் உறிஞ்சும் குப்பி தனியாக வாங்க வேண்டும், உள்ளிருக்கும் மணிகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். காதழுக்குத் தடுப்பான், சிலிக்கான் மூடி எல்லாம் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நேரம். முதல் இரண்டு மாதம் மூன்று நான்கு தடவையாவது போய்த் திருத்தி வர வேண்டும். அத்தை பாலம் தாண்டித் தீவுக்கு வந்து போக யாராவது கார் ஓட்ட வேண்டும். அதனால் விலை கொஞ்சம் கூட என்றாலும் பட்டர்வொர்த் பக்கத்துக் கடையே அவருக்கு லாபம் என்றேன்.

முதல் வாரம் அத்தை போன் போட்டார். "டேய், நான் பேசுறது பீப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்குடா. கழட்டி டப்பால போட்டுட்டேன்." இது எல்லாருக்கும் நடப்பது. மூடியை மாற்றினாலே பாதி சரியாகும். டப்பாவில் போட்டால் ஒருநாளும் சரியாகாது.

'டின்னிடஸ் புரோகிராம்' என்று கருவிக்குள்ளேயே ஒரு இரைச்சல் மறைப்பான் வைத்து அதற்காகவே உயர்ந்த ரகத்தைத் தள்ளுவார்கள். அதற்காக மட்டும் ஈராயிரம் வெள்ளி கூடக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா வந்தால் வரட்டும். சில வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதைத்தான் எழுத்தில் வாங்க வேண்டும்.

வாங்குமுன் இன்னும் இரண்டு வாசலைத் தட்டுங்கள். அரசு ஓய்வூதியக் குடும்பம் என்றால் கருவிச் செலவைக் கோரும் வழி உண்டா என்று கேளுங்கள். வேலை இடத்துச் சத்தத்தால் கேட்டல் போனவர்கள், தொழில்நோய் என்ற கணக்கில் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பிக்கலாம். வாங்கிவிட்டு ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது மேல்.

சோதனையில் கேட்டல் சரியாக இருப்பவருக்கு இந்த வழி வேண்டாம். மருமகன் திரையில் இருந்த பாதி விலைக் கருவியை அப்படியே மூடச் சொன்னேன்.

## சி.பி.டி. என்கிற மனப்பயிற்சி

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று எழுதுவார்கள், பேச்சில் சி.பி.டி.தான். இருப்பதிலேயே ஆதாரம் பலமாக உள்ள வழி இது. 2020 கொக்ரேன் தொகுப்பு 28 ஆய்வுகள், 2,733 பேரை வைத்துப் பார்த்து, இரைச்சல் வாழ்க்கையைக் கெடுப்பதை இது குறைக்கிறது என்றது. சத்தத்தைக் குறைப்பதாக அது சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததே அந்த நேர்மைதான். கூடிக் குறைகிற ஒன்றோடு வாழ்கிறவனுக்கு, 9ஐ 5 ஆக்கித் தருகிறேன் என்பவனைவிட 9லும் வேலைக்குப் போக வைக்கிறேன் என்பவன் பயன்படுவான்.

நடப்பது என்ன? எனக்கு இரவு 2 மணிக்கு வரும் எண்ணம் ஒன்று இருந்தது: 'ஏறிருச்சு, இனி இறங்காது, நாளைக்கு வேலையில தூங்கி விழுவேன், மெஷின்ல கைய விட்ருவேன்.' அதை அப்படியே ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். பக்கத்தில், இதுவரை எத்தனை தடவை ஏறியது, அதில் எத்தனை தடவை இறங்காமல் இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டினேன். இறங்காமல் இருந்த தடவை பூஜ்யம். படிக்கச் சாதாரணமாக இருக்கும். 2 மணிக்கு அந்தப் பூஜ்யம் எனக்குச் செய்த உதவியை ஜிங்கோ செய்யவில்லை.

செலவு: தனியாரில் ஒரு அமர்வுக்கு 150 முதல் 300 வெள்ளி வரை கேட்பார்கள், எட்டுப் பத்து அமர்வாவது ஆகும். அரசு மருத்துவமனை வழி கடிதத்தோடு போனால் சில்லறைதான், வரிசை நீளம். மறைந்த செலவு வேறு. ஒன்று மொழி: தமிழில் இதைச் செய்கிற உளவியலாளர் கிடைப்பது அரிது. இரவு 2 மணி பயத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டிவரும், சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும். நான் தமிழிலேயே எழுதிக்கொண்டு போய் வாசித்து மொழிபெயர்த்தேன். நேரம் பிடித்தாலும் அது உதவியது. இன்னொன்று வெட்கம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அத்தை கேட்டார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் தூக்கம் போய், வேலை கெட்டு, உயிரோடு இருப்பதே சலிப்பாகிற அளவுக்குப் போனவர்கள் இதைக் கடைசி வழியாக வைக்கக் கூடாது. அமர்வு கிடைக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555க்குப் பேசுங்கள்.

## மாத்திரையும் துணைப்பொருளும்

சுருக்கமாகவே முடிக்கலாம். இரைச்சலுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன 2014 வழிகாட்டி ஜிங்கோ, மெலட்டோனின், துத்தநாகம் போன்றவற்றை இரைச்சலுக்குப் பரிந்துரைக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கே சொல்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு ஜிங்கோ இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டலாம். நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் இதயத்துக்கு ஏதாவது போடுகிறவர்கள்தான்.

"டப்பாவில் மால் நம்பர் இருக்கே" என்பார்கள். இருக்கும். அரசிடம் பதிவாகியிருக்கிறது, உள்ளே கலப்படம் இல்லை என்பதற்குத்தான் அது. எண்ணின் கடைசி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் துணைப்பொருள். இரைச்சலைக் குணமாக்கும் என்று நிரூபித்ததாக இரண்டுக்கும் அர்த்தம் இல்லை.

இந்த வழி பொருந்துகிற நிலை ஒன்றே ஒன்று: தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் தனியாக மருந்து தருவது. அது அந்த நோய்க்கான மருந்து. அதைச் சரிசெய்தால் இரைச்சலின் கொட்டம் தானே அடங்குவதுண்டு.

## சித்தாவும் சின்சேயும்

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். 2014 வழிகாட்டி அக்குபங்சரைப் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இங்கே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007லேயே அரசு பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்தது. 2016ல் இதற்கென்றே சட்டமும் வந்தது. அதனால் போக நினைத்தால் பதிவு பெற்றவரிடம் போகலாம்.

நான் ஒரு சின்சேயிடம் பத்துத் தடவை போனேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆனால் கழுத்தும் தோளும் இளகின, அவர் முக்கால் மணி நேரம் என் பேச்சைக் கேட்டார். அதுவரை என்னைப் பார்த்த எந்த டாக்டரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. தாடை, கழுத்து இறுக்கத்தோடு இரைச்சல் ஏறுகிறவருக்கு ஆறு தடவை என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டு போவதில் தப்பில்லை. ஏழாவதுக்கு நோட்டைக் கேட்க வேண்டும்.

பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கும். ஓட்டை உண்டா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. காதில் மெழுகுவர்த்தி கொளுத்துவதும் இதே கணக்குதான்.

நாக்கில் மெல்லிய மின்துடிப்பும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் லெனைர் என்ற கருவிக்கு 2023 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். நான் இன்னும் சில வருஷம் பொறுத்துப் பார்ப்பேன்.

## யாருக்கு எது

கேட்டல் குறைந்திருந்தால் முதல் காசு கருவிக்கு. கேட்டல் சரியாக இருந்து, பகலில் மறந்துபோய் இரவில் மட்டும் தொல்லை என்றால் விசிறி போதும். சத்தம் சின்னதோ பெரிதோ, அதைப் பற்றியே நாள் முழுக்க நினைப்பு ஓடினால் சி.பி.டி. தாடையைக் கடித்ததும் மாறினால் பல் டாக்டர், கழுத்துக்கு உடற்பயிற்சி. மாத்திரைக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

மருமகன் விஷயம் இந்த நாலிலும் அடங்கவில்லை. அவன் காது இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று மலேசியாவின் 2019 விதிமுறை சொல்கிறது. 3 டெசிபல் ஏற ஏறத் தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். உறுமிக்கும் தவிலுக்கும் நடுவில் விடிய விடிய நிற்பவனுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. அவனுக்கு என் பதில் இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான். தாளம் கெடாமல் ஒலியை மட்டும் குறைக்கும், இந்தப் பட்டியலில் அதைவிட மலிவாக இருப்பது விசிறி ஒன்றுதான். மேளத்தின்போது மட்டும். வீட்டிலும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அமைதியில் இரைச்சல் இன்னும் எடுப்பாகக் கேட்கும், சாதாரணச் சத்தத்துக்கே காது கூச ஆரம்பிக்கும்.

"குரூப்ல சிரிப்பாங்க மாமா" என்றான்.

கேட்டல் சோதனைக்கு அடுத்த வாரம் தேதி வாங்கியிருக்கிறான். நோட்டு ஒன்று கொடுத்தேன். முதல் பக்கத்தில் சத்தம் 6, தொல்லை 9 என்று எழுதிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தான்.